வளைந்த கம்பத்தில் ஒரு நிறுத்தம்

ஓட்ட ஆளில்லாத வண்டி வளைந்த கம்பத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தது. இடப்பக்கம் ஒரு சாண் ஒதுங்கியது. நின்றது. பின்னால் இருந்த மருந்து டேங்க் ஒருமுறை குலுங்கி அடங்கியது, திராட்சை இலைகள்மேல் இறங்கிக்கொண்டிருந்த சாரலும் நின்றுபோனது. முன்னால் ஒரு முயல்கூட இல்லை. வரிசையின் கோடியில் சிவப்புப் பொத்தான் வைத்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. யாரோ மூச்சை நன்றாக இழுத்து விடுகிற அளவு நேரம் போயிருக்கும். பிறகு வண்டி கிளம்பியது. அந்தக் கிளம்பலில்தான் விஷயமே இருக்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் உதறிக்கொண்டு கிளம்புகிற யந்திரம், அங்கே மட்டும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு நகர்த்துவதுபோல அத்தனை பதமாகக் கிளம்பி, வரிசை முடிகிறவரை நடையாகவே வந்தது.

“பாத்தீங்களா அங்கிள்? மறுபடியும் அதேதான்,” என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

கம்ப்யூட்டர் பெண் என்பது தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர். வண்டியை விற்ற கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. நல்ல பெண்தான். வெயிலுக்கு முகம் சுளிக்க மாட்டாள், டீ வந்தால் முதல் தம்ளரை அவரிடம் நீட்டுவாள். ரிமோட்டோடு நின்ற அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: நேர்க்கோடு. நூல் பிடித்த மாதிரி ஓட்டுகிறார் என்று கூட ஓட்டிய டிரைவர்கள் வைத்தது, பாதி பாராட்டு, மீதி வயிற்றெரிச்சல். சரிவு முழுக்கக் கம்பமும் கம்பியுமாக இறங்குகிற இந்தத் திராட்சைத் தோட்டத்தில், மருந்தடிக்கிற வண்டி, கிளை நறுக்குகிற வண்டி, கொடியை உலுக்கிப் பழம் எடுக்கிற வண்டி என்று எல்லாவற்றையும் ஒரு இலைகூட உரசாமல் ஓட்டி ஓட்டியே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது.

அந்தப் பெயர்தான் அவரை மாட்டிவிட்டது என்றும் சொல்லலாம், காப்பாற்றியது என்றும் சொல்லலாம். போன பருவத்தில் மேனேஜர் டிரைவர்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, இனிமேல் வண்டிகள் தானே ஓடும், கீழே நின்று அவற்றை மேய்க்க ஒரே ஒரு ஆள் போதும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் வண்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். இருப்பதிலேயே ஒழுங்காக ஓட்டுகிறவர் யார்? நேர்க்கோடு. அவருடைய வண்டிக் கூரையில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினார்கள். எங்கே திருப்புகிறார், எங்கே குறைக்கிறார், எங்கே பிரேக்கை மிதிக்கிறார் என்று அது பருவம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது. “கத்துக்கிட்டு, குருதட்சணையா என்னையே வீட்டுக்கு அனுப்பும், அவ்வளவுதானே?” என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

பருவம் முடிந்ததும் மற்ற மூன்று பேரும் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இன்னொருவர் மகன் வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போடுகிறாராம். மூன்றாமவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை. வண்டி மேய்க்கிற வேலை உனக்குத்தான் என்று நேர்க்கோட்டிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். முதலாளி முன்னால் வண்டி ஒழுங்காக ஓடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். காட்டாவிட்டால் வேறு எவனோ ஓட்டிய ஓட்டம் பதிந்த பெட்டியைக் கம்பெனி அனுப்பும், மேய்க்கிற ஆளும் அவர்களோடேயே வந்துவிடுவான். வேலை போனால் வீடும் போகும், அது தோட்டத்து வீடு. இரண்டு அறை, மூடினாலும் சொட்டுகிற குழாய், அடுக்களை ஜன்னல்மேடையில் அவர் மனைவி கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. அவள் செத்து மூன்று வருஷமாகியும் அந்தக் கண்ணாடியை யாரும் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு வேலை போவதைவிட அந்த ஜன்னல்மேடை போவதுதான் பயம்.

“வண்டியில ஏதோ கோளாறும்மா,” என்றார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் அங்கிள். பெட்டியக் கழட்டிக்கூட பாத்துட்டேன்.” அவள் கையிலிருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். பருவம் முழுக்க அவர் ஓட்டிய தடங்கள் பச்சைக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளி. மற்ற வரிசைகள் சுத்தமாக இருந்தன. இந்த வரிசையில், வளைந்த கம்பத்துக்கு நேராக, சிவப்பு மேல் சிவப்பாக ஏறிப் புண் மாதிரி இருந்தது. “இது எல்லாம் நீங்க ஓட்டினது. மத்தியான டீக்கு முன்னாடி, இங்க மட்டும், ஒரு நாள் விடாம நின்னிருக்கீங்க. அதத்தான் அது கத்துக்கிட்டிருக்கு.”

“நானா? அங்க எதுக்கும்மா நான் நிக்கப்போறேன்?”

மனிதர் பொய் சொல்லவில்லை. சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பெற்ற பெண் தலைமேல் அடித்துப் பண்ணியிருப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஆளிடம், நீ தினமும் ஒரு இடத்தில் நிற்கிறாய், உனக்கே தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், பெயர் தெரியாத ஒன்றும் வந்தது.

“சரி விடுங்க, ஏதோ பழக்கம்,” என்றாள் அவள் சமாதானமாக. “ஆனா முதலாளி வர்றதுக்குள்ள இத எடுத்தாகணும். காலைல நீங்களே ஏறி, அங்க நிக்காம ஓட்டிக் காட்டுங்க. நல்லா பதியிற வரைக்கும் ஓட்டுவோம். அது பழசை விட்டுடும்.”

சாயங்காலம் மகள் பழம் தரம் பிரிக்கிற கொட்டகையிலிருந்து பிசுபிசுத்த கையோடு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றியபடி, இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். “வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. பட்டப்பகல்ல ஒரு கம்பத்துக்கிட்ட போய் நிக்குது. கேட்டா நான்தான் சொல்லிக் குடுத்தேனாம்.”

மகள் குழாயை மூடினாள். “எந்தக் கம்பம்ப்பா?”

“அதான், வளைஞ்சு நிக்குமே. வேலைக்குச் சேந்த புதுசுல நான் இடிச்சது.”

மகள் திரும்பவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “அம்மா ஏறுற எடம்ப்பா அது,” என்றாள்.

அவர் கழற்றிய பூட்ஸைக் கீழே வைத்தார். எப்படி மறந்தார்? மறக்கவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மனைவி அதே தோட்டத்தில் கொடி வெட்டுகிற கூட்டத்தில் இருந்தாள். முட்டி போன பிறகு சரிவில் ஏறி டீக்குப் போவது அவளுக்கு உயிர் போகிற வேலை. வண்டிப் படியில் ஆளை ஏற்றக் கூடாது என்று மேனேஜர் போர்டே எழுதி மாட்டியிருந்தார். மேனேஜர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து தோட்டம் முழுக்கத் தெரியும், வளைந்த கம்பம் இருக்கிற பள்ளம் மட்டும் தெரியாது. டீ நேரத்துக்கு அவள் அங்கே வந்து நிற்பாள். அவர் ஒதுக்கி நிறுத்துவார். அவள் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, “ம், போலாம்,” என்பாள். அவளுக்கு ஆட்டம் ஆகாது, அதனால் பதமாக எடுப்பார். வரிசை முடிகிற இடத்தில், கடைசிக் கம்பத்துக்கு உள்ளேயே, இலை மறைவில் இறங்கிக்கொள்வாள். கொடிக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள சந்தில் உடம்பை ஒருக்களித்து, ஒன்றுமே தெரியாதவள்போல் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே நடப்பாள். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் களவாணிகள்போல் இதைச் செய்தார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

முட்டி வலி என்று லீவு போட்ட ஒரு நாளில் அவள் இதே அடுக்களையில் சரிந்து விழுந்தாள். அவர் காதடைப்பான் போட்டுக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தார். போன் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் ஓடி வந்து துண்டை வீசித்தான் சொன்னார்கள்.

அவர் தன் வலது காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. அவரைக் கேட்காமல், அவருக்குச் சொல்லாமல், மூன்று வருஷமாக அது மட்டும் அவளுக்காக நின்றுகொண்டு இருந்திருக்கிறது.

“காலைல நிக்காம போயிடுங்கப்பா,” என்றாள் மகள்.

“ம்.”

“அம்மாவே திட்டுவாங்க. வேலையக் கெடுத்துக்காதீங்கன்னு.”

“ம்.”

“இந்த வீட்ட விட்டுட்டு என்னால எங்கயும் வர முடியாதுப்பா.” கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கோபம் இல்லை. ஜன்னல்மேடையைத் துடைக்கிற சாக்கில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

காலையில் ஏறி உட்கார்ந்தார். முதல் தடவை, கம்பம் வருகிறது, வருகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனார். கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கடைசிக் கம்பத்துக்கிட்ட நிறுத்தி, “பழக்கதோஷம்மா,” என்று சிரிக்கப் பார்த்தார். இரண்டாம் தடவை நிற்கவில்லை, ஆனால் வேகம் குறைந்து இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. திரையைப் பார்த்த கம்ப்யூட்டர் பெண் உதட்டைக் கடித்தாள். “இன்னொரு தடவை அங்கிள். அவசரம் ஒண்ணும் இல்ல.” அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணைக் கும்பிடலாம்.

அடுத்த தடவை அவர் இடப்பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கத்து இலைகளையே பார்த்துக்கொண்டு, பாதத்தை ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்தினார். வளைந்த கம்பம் பின்னால் போனது. நின்று கை நீட்டுகிற பெண்டாட்டியைப் பார்த்தும் பார்க்காதவன்போல் போகிறவனுக்கு என்ன இருக்குமோ அதுதான் அவருக்கும் இருந்தது. வெட்கமாக இருந்தது. கடைசிக் கம்பத்துக்கிட்ட நிறுத்தி, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் திருப்பி வெளியே வந்தார்.

“சுத்தமா வந்துடுச்சு,” என்றாள் அவள். “இதே மாதிரி இன்னும் கொஞ்சம்.”

மத்தியானம் வரை அதே மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் வளைந்த கம்பத்தைத் தாண்டுவார், கடைசிக் கம்பத்துக்கிட்ட நிறுத்துவார், கொஞ்சம் பொறுத்துத் திருப்புவார். அந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் முதலாளி தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜர் இரண்டு நாளாக முகம் வெளுத்துப் போயிருந்தார், பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. கொட்டகைப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள், அவர்களில் மகளும் இருந்தாள். நேர்க்கோட்டைக் கடைசிக் கம்பத்துக்கு உள்ளே, கொடியோரமாக நிறுத்தியிருந்தார்கள், கையில் ரிமோட்டோடு. ஏதாவது ஆனால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும்.

வண்டி வரிசைக்குள் நுழைந்தது. யாரும் இல்லாத சீட், தானாகத் திரும்புகிற ஸ்டீயரிங், இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழுகிற சாரல். பள்ளத்தில் இறங்கியது. வளைந்த கம்பம் வந்தது. வண்டி குறையவில்லை, ஒதுங்கவில்லை, கடந்துவிட்டது. மேனேஜர் மூச்சு விட்டது இவருக்கே கேட்டது. “பிரமாதம்,” என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் பெண் நேர்க்கோட்டைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். வீடு இருக்கிறது, ஜன்னல்மேடை இருக்கிறது. அவர் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தார், வண்டியின் அந்த வெறும் படியைப் பார்த்தார், முடியவில்லை.

வண்டி சரிவேறி அவரை நோக்கி வந்தது. வரும்போதே வேகம் தணிந்தது. வழக்கம்போல் வளைந்து திரும்பாமல், கடைசிக் கம்பத்துக்கு உள்ளேயே, இலை மறைவில், அவர் நின்ற இடத்துக்கு நேராக, துளி குலுக்கல் இல்லாமல் வந்து நின்றது.

“இங்க ஏன்?” என்றார் முதலாளி. மேனேஜர் பெண்ணைப் பார்த்தார். பெண் திரையைப் பார்த்தாள், பிறகு நேர்க்கோட்டைப் பார்த்தாள். கொட்டகைப் பெண்களுக்கு நடுவில் மகள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

வளைந்த கம்பத்தில் யாரையும் ஏற்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அவர் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல்தான் இருந்தது, அமுக்கவில்லை. வண்டி காத்திருந்தது. கொடிக்கும் படிக்கும் நடுவே, அவள் இறங்கிப் போகிற சந்தை அவர் உடம்பு அடைத்துக்கொண்டிருந்தது. நேர்க்கோடு முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, ஒருக்களித்து, ஒருவர் போகிற அளவுக்கு வழி விட்டு நின்றார்.