ஐந்தாம் சுற்று

வெள்ளத்தாய் ஊசியை உருவப் போனபோது மாரிச்சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உருவாதக்கா. உருவினா அம்புட்டும் பிரிஞ்சிரும்."

காலை ஆறரை மணி. பாண்டிசெல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்த வாக்கிலேயே போயிருந்தாள். மடியில் நுனி மட்டும் பாக்கியிருந்த சாக்ஸ் ஒன்று, நான்கு மூங்கில் ஊசிகள் செருகியபடி கிடந்தது. கணவர் மாரிச்சாமி டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த அவருடைய அக்கா வெள்ளத்தாய், உடம்பு விறைக்குமுன் தரையில் கிடத்த வேண்டும் என்று அவசரப்பட்டாள்.

மாரிச்சாமி ஒவ்வொரு ஊசியின் முனையிலும் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றினார். பின்னல் கண்ணி ஒன்றும் நழுவவில்லை என்று பார்த்துக்கொண்டார். சாக்ஸை அலமாரியில் வைத்துவிட்டு வந்த பிறகே மனைவியின் தோளுக்கடியில் கை கொடுத்தார். எதை முதலில் செய்தார், எதை அடுத்துச் செய்தார் என்பதை அக்கா கவனித்திருந்தாள்.

பாண்டிசெல்வி பத்தொன்பது வருடம் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றியவள். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு கிட்னியும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி டயாலிசிஸ். இடது கையை அசைக்காமல் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். வலது கையில் போன். அப்படிக் கிடந்த ஒருநாள் எந்த நாட்டுக்காரியோ சாக்ஸ் பின்னுகிற வீடியோ வந்தது. பேச்சு புரியாததால் சத்தத்தை அடைத்துவிட்டு விரல்களை மட்டும் பார்த்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஊசி வாங்கினாள். முதலில் பின்னிய சாக்ஸில் குதிகால் முன்பக்கம் வந்திருந்தது. அதைப் பிரித்தாள். மறுபடி பின்னி, மறுபடி பிரித்தாள்.

இந்த ஊர் வெயிலுக்குச் சாக்ஸா என்று கேட்காதவர்கள் இல்லை. போடுவதற்காகவா பின்னுகிறேன் என்று திருப்பிக் கேட்பாள்.

மடியில் கிடந்த சாக்ஸ் ஒரு பின்னல் போட்டிக்கானது. அதை நடத்தியவர்கள் ஸ்காட்லாந்துப் பெண்கள் சிலர். எல்லாமே ஆன்லைனில். மொத்தம் ஏழு சுற்று. சுற்றுக்கு ஒரு புது மாதிரி தருவார்கள். இரண்டு வாரத்தில் ஒரு ஜோடி பின்னி, காலில் மாட்டிப் படமெடுத்து, ஞாயிறு சாயங்காலம் நம்மூர் நேரம் ஐந்தரைக்குள் அனுப்ப வேண்டும். பிந்தியவர்களும் முடிக்காமல் அனுப்பியவர்களும் போட்டியிலிருந்து வெளியே. ஒன்றுமே அனுப்பாதவர்களின் பெயர் 'விலகியவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே போய்விடும். முந்நூறு பேரில் தொடங்கி நான்கு சுற்று தாண்டி நாற்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் தமிழ் எழுத்தில் இருந்தது. இங்கிலீஷில் மாற்றித் தர முடியுமா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். இவள் தன் பெயரைச் சொல்லிக் குரலாகப் பதிந்து அனுப்பினாள். எழுத்தை மாற்றவில்லை.

அவள் கால் காலையில் ஒரு அளவு, வீங்கிப் போய் மாலையில் ஒரு அளவு. அதனால் எல்லா ஜோடியும் மாரிச்சாமியின் காலுக்குத்தான். மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக நின்று வெடித்த பாதம். நான்கு சுற்றிலும் அதுதான் படத்தில் நின்றது. பஸ் ஸ்டாண்டில் தன் முகத்தைத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை, வெளிநாட்டில் தன் காலைத் தெரியாதவன் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸின்போது பிரஷர் கீழே போய்விட்டது. டாக்டர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொன்னார். அங்கே பின்னலாமா என்று நர்ஸிடம் கேட்டாள். வலது கையிலும் டிரிப்ஸ் ஏறும், முடியாது என்றார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். பஸ்ஸில் மாரிச்சாமி கெஞ்சினார், கோபப்பட்டார். மம்சாபுரம் விலக்கு ஸ்டாப் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தவள் அதற்குப் பிறகு திரும்பினாள்.

"பத்தொம்பது வருசம் ஊராம் புண்ணுக்குச் சுருள் சுத்துனேன். சுத்துனது யாருன்னு ஒருத்தனாவது கேட்டானா? இதுல எம்பேரு இருக்கு. நான் திங்கக்கிழமை போறேன். நீங்க பேசாம வாங்க."

அவர் பேசாமல்தான் வந்தார்.

ஞாயிறு மதியத்துக்குள் வாசலில் பந்தல் போட்டாயிற்று. மகள் சிவரஞ்சனி வந்து அழுது ஓய்ந்திருந்தாள். மம்சாபுரத்திலிருந்து பாண்டிசெல்வியின் தம்பி சங்கரலிங்கம் ஆட்களோடு வந்து இறங்கினான். நாலு மணிக்கு எடுப்பது என்று பேசி முடித்தார்கள். மாரிச்சாமி மனதுக்குள் கணக்குப் பார்த்தார். சுடுகாட்டிலிருந்து திரும்ப ஆறாகிவிடும், படம் ஐந்தரைக்குள் போக வேண்டும்.

மூன்று மணிக்கு மகளைப் பின்கட்டுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் சாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவிடம் அவளும் கொஞ்சம் கற்றிருந்தாள்.

"அரை மணி நேர வேலைப்பா. நுனிய நான் மூடிருதேன். யாருக்குத் தெரியப் போவுது? அம்மா அடுத்த சுத்துக்குப் போயிருவா."

மகள் ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். அவர் சாக்ஸை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா. அவ பின்னுனது மட்டும் போகட்டும்."

வீட்டுக்குள் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பாண்டிசெல்வியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு வெளிச்சம் வேண்டும். மாரிச்சாமி வாசலுக்கு வந்து, பந்தல் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டார். முடிந்த சாக்ஸை வலது காலில் மாட்டினார். கருநீலத்தில் மஞ்சள் கொடி ஓடுகிற சாக்ஸ். முடியாததை ஊசி நழுவாமல் இடது காலில் ஏற்ற வெகுநேரம் பிடித்தது. நுனியில் ஐந்து விரலும் வெளியே தெரிந்தன.

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொட்டுக்காரர் கையைத் தாழ்த்தினார். சங்கரலிங்கம் எழுந்து வந்து, ஆளுக பாக்காக மச்சான், உள்ள வாங்க என்று தோளைத் தொட்டான். அவர் அசையவில்லை.

வெள்ளத்தாய் ஈரச் சேலையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏலே, வெக்கமா இல்லையா? ஆஸ்பத்திரில கெடந்திருந்தா பொழச்சிருப்பா. இதைப் பின்ன விட்டு நீதாம்லே அவளைக் கொன்னே."

காலையிலிருந்து யாரோ ஒருவர் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்திருந்த வார்த்தை. தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்ததும்தான். தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

"பொழச்சிருப்பாளோ என்னமோ. இருக்க மாட்டேன்னு அவதான் சொன்னா, நானும் சரின்னு கூட்டியாந்தேன். அந்தப் பழிய எம்மேல போடு, வாங்கிக்கிடுதேன். ஆனா இது போயித்தான் ஆகும்."

வெள்ளத்தாய் சற்று நேரம் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைப் பிழிந்துவிட்டு உள்ளே போனாள்.

சிவரஞ்சனி குனிந்து மூன்று படம் எடுத்தாள். அவள் நிழல் விழுந்ததால் இன்னொன்று எடுத்தாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவள் இங்கிலீஷில் அடித்தாள்.

"பாண்டிசெல்வி இன்னைக்குக் காலம்பற இறந்துட்டா. ஒரு காலு முழுசு. இன்னொண்ணுல இருபத்தெட்டு கண்ணி பாக்கி." கொஞ்சம் நிறுத்தினார். "அவ விலகலை."

மணி மூன்று ஐம்பது. படம் போய்ச் சேர்ந்த அடையாளம் விழும்வரை போனையே பார்த்திருந்தார். பிறகு சாக்ஸைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய் மனைவியின் தலைமாட்டில் நின்றார்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. இருபது பேர் ஆறாம் சுற்றுக்குப் போனார்கள். அதற்குக் கீழே முடிக்க முடியாதவர்கள். மொத்த வரிசையில் இருபத்துமூன்றாவதாகப் பாண்டிசெல்வி என்று தமிழில் இருந்தது. அதற்கும் கீழே விலகியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பெயரையும் மகளை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை சுடுகாட்டில் சாம்பலெடுத்துக் காடாற்றிவிட்டு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்த இடமில்லாமல் கூரியர்காரர் ஒருவர் தெருவிலேயே நின்றார். கையில் மெத்தென்று ஒரு பொட்டலம். பாண்டிசெல்விங்கிறது இந்த வீடுதானா என்று கேட்டார்.

மாரிச்சாமி பொட்டலத்தை வாங்கி மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அவள் வெள்ளிக்கிழமை ராத்திரி போட்ட ஆர்டர். சிவப்பு நூல், இரண்டு சிட்டம்.

வாசல்படியில் நின்ற வெள்ளத்தாய் என்னதுலே என்று கேட்டாள்.

"ஆறாஞ் சுத்துக்குக்கா."

கூரியர்காரர் போனை நீட்டி விரலாலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். மாரிச்சாமி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணாடித் திரையில் நிதானமாக எழுதினார். பா. ண். டி. கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.