கூறை கொடுத்தவள்

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் வேலை நாள் குறைந்திருந்த வருஷம் அது. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். மிஞ்சியதைக் கொடுப்பது குப்பை கொட்டுவது மாதிரி, கொடுக்கும்போது நெஞ்சு நோக வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப் பக்கம் அம்பிட்டிய மேட்டிலிருந்த அந்தச் சின்னக் கோவிலுக்குப் பொத்தல் குடைகளும் கைப்பிடி இல்லாத கேத்தல்களும் வந்து சேர்ந்தன. மேபல் டீச்சர் மட்டும் தன் கூறைச்சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பேராதனை ரயில் ஸ்டேஷனில் கிளாக்கராக இருந்த, பற்றிக் என்ற அவள் புருஷன் நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சில வருஷங்களாகியிருந்தன. பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவளோடு வந்த அந்தச் சிவப்புப் பட்டுக் கூறை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. ஏழைப் பெண்கள் கல்யாணத்தன்று உடுத்தட்டும் என்றாள். சுவாமியார் பூசையில் அவள் பெயரைச் சொன்னபோது எல்லாத் தலைகளும் திரும்பின. புருஷன் போன பிறகு தன்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. நெஞ்சுக்குள் பரவிய அந்தச் சூட்டைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டாள்.

சேலை கல்யாணங்களுக்குப் போய் வரத் தொடங்கியது. மேபலும் கூடவே போனாள். பெண்ணுக்குத் தன் கையாலேயே உடுத்திவிட்டாள். பெண் பாயில் இருக்கும்போது கரை மிதிபடாமல் இழுத்துவிட்டாள். பந்திக்கு முன்னால் அவளை மெல்ல உள்ளே கூட்டிப்போய், குழம்பு பட்டால் அடுத்த பிள்ளைக்கு உதவாது என்று சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுக்கப் பழகினார்கள். கதிரை கொடுத்த முதலாளி சுவக்கின், அவற்றில் யார் யார் குந்துகிறார்கள் என்று கல்யாண வீடு முடியுமட்டும் பார்த்து நின்றார். கிடாரம் கொடுத்த நல்லம்மா, அடிப்பிடிக்காமல் கிண்டச் சொல்லி அடுப்படியை விட்டு அசையவில்லை. இப்படிக் கொடுக்கிற கோவில் கண்டியிலேயே வேறில்லை என்று சுவாமியார் பூரித்தார்.

அப்போதுதான் ஹந்தானைத் தோட்டத்துக் கறுப்பையாவின் மகள் செபமாலைக்குக் கல்யாணம் வந்தது. விடிந்ததும் மேபல் சேலையோடு தொழிலாளர் லயத்துக்கு ஏறிப்போனாள். பெண் ஏற்கெனவே ஒரு நீல நூல்சேலை உடுத்தியிருந்தாள். கொழுந்தெடுத்த கூலியில் அவளே வாங்கியது.

"அது வேணாம் டீச்சரம்மா."

கூச்சப்படுகிறாள் என்றே மேபல் நினைத்தாள். "ஏன் பிள்ளை? கோவில் சேலைதானே. வெக்கப்படாதை."

"கோவில் சேலைன்னா கட்டிக்குவேன். இது ஒங்க சேலை. இதக் கட்டிக்கிட்டா நான் பொண்ணா நிக்கமாட்டேன், ஒங்க சேலை காயிற கொடியாத்தான் நிப்பேன்."

மூலையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பேச்சு லயங்களில் முன்பே பேசிப் பேசிப் பழகிப்போனது என்று மேபலுக்கு விளங்கியது.

கறுப்பையா பதறிப்போனான். கதிரையும் கிடாரமும் வாசலுக்கு வந்தாயிற்று, டீச்சரம்மா கோவித்துக்கொண்டு இறங்கினால் அவையும் பின்னாலேயே இறங்கிவிடும் என்று மகளைத் திட்டினான். கையை ஓங்கினான். விடுங்கோ, அவள் விரும்பினதை உடுத்தட்டும் என்று மேபல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது மேபலின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மடித்த சேலையோடு திரும்பி இறங்கினால், அந்தக் கோவிலில் தான் யார்? பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக் கைம்பெண். கறுப்பையா வெல்ல வேண்டும் என்று மனதுக்குள் விரும்பிக்கொண்டு நின்றாள்.

கறுப்பையா வென்றான். செபமாலை அழவில்லை. கைகளை அகட்டிக்கொண்டு நின்றாள். மேபல் ஒருநாளும் இல்லாத கவனத்தோடு கொசுவம் வைத்தாள். பெண்ணின் இடுப்பு அவள் விரல் பட்ட இடமெல்லாம் மரமாக இறுகியிருந்தது.

கோவிலில் சுவாமியார் வழக்கம்போலப் புகழ்ந்தார். அன்று அது மேபலின் காதில் ஏறவில்லை. பந்திக்கு இலை போட்டதும் அவளே போய்ப் பெண்ணின் அருகில் குனிந்தாள்.

"இண்டைக்கு மாத்த வேண்டாம் பிள்ளை. இதோடையே சாப்பிடு."

குரல் கெஞ்சுவதுபோல வந்தது. அந்த முகம் கொஞ்சம் இளகினால் போதும், மீதியைத் தானே மறந்துவிடலாம் என்று காத்திருந்தாள். செபமாலை "சரிங்க" என்றாள். ஆனாலும் எழுந்து உள்ளே போனாள். நீலச் சேலையோடு திரும்பி வந்தவள், பந்தியில் எல்லோரும் பார்த்திருக்க, மடித்த பட்டுச்சேலையை மேபலின் மடியில் வைத்தாள்.

"கறை இல்ல. பாத்துக்கங்க."

பார்க்கத் தேவையில்லை என்று சொல்லத்தான் மேபல் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் விரல்கள் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்திருந்தன.