நாற்பது குப்பி ஈக்கள்

“நாப்பது குப்பிமா! ஒண்ணுகூட உயிரோட இல்ல!”

“ஈதான்லா செத்துச்சு? ஊரே கேக்குற மாதிரி கத்துற!”

ஊர் கேட்கத்தான் செய்தது. எங்கள் டத்தோ கிராமாட் ஃபிளாட்டில் சுவர் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்; பக்கத்து வீட்டுக் காமாரியா அக்கா, தாளிக்கும் சத்தம் மறைக்கிறதென்று அடுப்பையே அணைத்துவிட்டாள்.

வடிவம்மாளுக்குக் குற்றம் இன்னும் விளங்கவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு வருவார்கள். இவள் மகள் சுபாஷினி பழ ஈயோடு வந்தாள். ஆய்வுக்கூடத்தில் ஏர்கோன் கெட்டுச் சூடேறிவிட்டதென்று, கொண்டுவரக் கூடாததைக் கொண்டுவந்து, செத்துப்போன அண்ணன் கோகிலனின் அறையில் அடுக்கியிருந்தாள். அன்று கோகிலனின் திதி. வடிவம்மாள் சாம்பிராணி போட்டு, புகை வீணாகக் கூடாதென்று கதவையும் சாத்திவிட்டாள்.

“இந்த மாசம் ரிசல்ட் குடுக்கலன்னா என் படிப்பே போச்சுமா.”

“அப்படி என்னதான்டி இருக்கு அந்த ஈயில?”

சுபாஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். கிருமி தோய்த்த ஊசியால் குத்தினால், அந்தக் கிருமியின் தோல் துணுக்கு பட்டதுமே ஈயின் உடம்புக்குள் சேதி போகும். கொழுப்புத் திசு கிருமிக்கொல்லியைச் சுரக்கும். பெரும்பாலும் ஈ பிழைத்துவிடும். அந்தச் சேதி போகும் வழி அறுந்து பிறந்த ஈ இரண்டு நாளில் செத்துப்போகும்.

வடிவம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறையில் இருந்த ஃபாக்டரியில் தகடு கிழித்த கோகிலனின் காலில் மஞ்சள் பற்றுப் போட்டு, “புது வேலைடா, லீவு போடாத” என்று அனுப்பியவள் அவள்தான். ஐந்தாம் நாள் ஐசியூவில் முடிந்துபோனான். மஞ்சள் விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும் என்பது வேறு.

“அப்ப அண்ணன் ஒடம்புல சேதி போகலியா?”

“போச்சுமா. போனது நிக்கவே இல்ல. கிருமிய அடிக்கக் கெளம்புனது அவனையே அடிச்சிருச்சு.”

“மொத நாளே கூட்டிட்டுப் போயிருந்தா?”

அவ்வளவு படித்த சுபாஷினிக்கு ஒரு பொய் சொல்ல வரவில்லை. காமாரியா அக்காகூட அப்புறம் கேட்கப் பிடிக்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பேராசிரியர் திட்டித் தீர்த்து மூன்று மாதம் கொடுத்தார். சுபாஷினி மறுபடி ஈ வளர்த்துப் பட்டம் வாங்கி, ஈப்போ ஊர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பெர்த் நகரத்துக்குப் போனாள். வடிவம்மாள் புக்கிட் மெர்தாஜாமில் தங்கை ஜெகதீஸ்வரி வீட்டோடு போய்விட்டாள். அங்கே தங்கையின் விரலில் கத்தி லேசாகப் பட்டால்கூட, கார் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாளாம். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.