அன்பியம் ஏற்றிவிட்ட கடை

எனக்குப் பொறுமை கிடையாது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனை எடுத்து கூகுளில் 'திண்டுக்கல் கல்யாண கவுன்' என்று தட்டி, என் கடை எத்தனையாவதாக நிற்கிறது என்று பார்ப்பேன். தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் கை துணியில் இருக்காது, போனுக்குத்தான் போகும்.

டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கல்யாணப் பெண்களுக்கு கவுன் தைக்க ஒரு மாடியில் கடை போட்டிருந்தேன். படியேறி யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துகிற சிஸ்டர் நல்ல மனுஷி. ஜூனில் பள்ளி திறக்கும்வரை என் இடத்துக்கு ஆள் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதற்குள் கடை நிமிர வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் சாக்பீஸ்தான்.

கொழுந்தன் ரோஷன் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தான். கம்ப்யூட்டர் படித்தவன், கேட்க வேண்டுமா? கூகுளுக்குப் படம் புரியாது மதினி, எழுத்துதான் புரியும் என்று சொல்லி, நான் பார்த்துப் பார்த்து எடுத்த கவுன் படங்களைத் தூக்கிவிட்டு, 'திண்டுக்கல் கவுன், திண்டுக்கல் நல்ல கவுன்' என்று மேலிருந்து கீழ்வரை நிரப்பினான். நிறையப் பேர் தேடித் திறந்தால் கடை தானாக மேலே ஏறிவிடும் என்றான்.

நிறையப் பேருக்கு நான் எங்கே போவது? அன்பியம்தான் இருந்தது. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டம் அது. ஜெபமாலை முடிந்து டீ வருவதற்குள் எல்லோரும் போனை எடுத்துத் தேடி, என் கடையைக் கண்டுபிடித்துத் திறந்து மூடினார்கள். இதற்கு ஜெயமேரி அக்காதான் தலைமை. கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு அவரே தேடித் திறந்து கொடுப்பார். மன்றாட்டில்கூட என் கடைக்கு ஒரு வரி சேர்ந்தது. சிரிக்காதீர்கள், 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

மே கடைசியில் ஏறியேவிட்டது. என் போனில் முதலிடம், ஜெயமேரி அக்கா போனில் முதலிடம், அன்பியத்தில் யார் போனை வாங்கிப் பார்த்தாலும் முதலிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சிஸ்டரைக் கூப்பிட்டு, இனி வரமாட்டேன், வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளி திறந்த வாரம், செம்பட்டியிலிருந்து ஒரு பெண் படியேறி வந்தாள். போனில் பார்த்த வேறொரு கவுன் கடைக்கு வழி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் போனிலேயே தேடச் சொன்னேன். வரிசையாகக் கடைகள் வந்தன, என் கடை வரவில்லை. அடுத்த பக்கம் போனோம், அதற்கடுத்த பக்கமும் போனோம். எங்கேயும் இல்லை. அவள் பாவம் பார்த்து, நெட் சரியில்லை போல என்றாள்.

ரோஷனைப் போனில் பிடித்துக் கத்தினேன். நாம் எந்நேரமும் அதையே திறப்பதால் நம் போன் நமக்கு மட்டும் அதை மேலே காட்டியிருக்கும் என்று இழுத்தான். சிஸ்டருக்குப் போன் போட்டேன். புது டீச்சர் வந்து சேர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அன்பியத்தில் எனக்கு உட்காரவே முடியவில்லை. ஜெபமாலை முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் போனை எடுத்தார்கள். வேண்டாம், உள்ளே வையுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் ஜெயமேரி அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று ஓலை வாசித்து அறிவித்திருந்தார்கள். அந்த ஒரு கவுனாவது கையில் இருக்கிறதே என்று, அளவெடுக்க எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

அக்கா முகம் சுருங்கிவிட்டது. மதுரையில் கொடுத்தாகிவிட்டதாம். அந்தக் கடை போட்டிருந்த படங்களைப் பார்த்து மகளுக்குப் பிடித்துப்போனதாம்.

"எங்கடையத்தானக்கா தெனமும் தொறந்து பாத்தீங்க?" என்றேன்.

"தொறந்தேன் வினோலியா, ஒரு நாளும் விடல," என்றார் அக்கா. "நீ என்ன தைப்பேன்னு பாக்கத்தான் அதுல ஒண்ணுமே இல்லியேம்மா."