கொம்பியூட்டருக்குச் சிங்களம் தெரியாது

எட்வேர்ட் ஐசாக் இஞ்சினியர் இல்லை. கொழும்பில் தொலைபேசி திருத்துகிற உத்தியோகம் பார்த்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்து, சுண்டிக்குளியில் மனைவி வினிபிரட்டின் வீட்டில் ஒதுங்கியவர். ஆனால் குருநகர்ச் சனம் அவரை ‘இஞ்சினியர் ஐயா’ என்றே கூப்பிட்டது. அவரும் ஒருநாளாவது அதைத் திருத்தவில்லை. புகழ்ச்சி தானாக வந்து மடியில் விழுந்தால் அதை எழுப்பி அனுப்புகிற மனுஷர் அல்ல அவர்.

கொம்பியூட்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்து விழுந்தது. லண்டனிலிருந்து லீவில் வந்த மைத்துனர், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன ஒரு கொம்பியூட்டரையும், கப்பல்காரர் விமானக்காரர் என்று சகலரின் பேச்சையும் தேடிப் பிடிக்கிற ஒரு ஸ்கானர் ரேடியோவையும் பழைய துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ரேடியோவைக் கையால் திருகிக்கொண்டிருந்தால் ஒரு அலைவரிசையில் காது வைத்திருக்கும்போது மற்றதில் போகிற கதை தப்பிவிடும். ஆகவே எட்வேர்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு வயரைப் பற்றவைத்து, அதற்கொரு புரோகிராமும் எழுதினார். அதைக் கசெற்றிலிருந்து ஏற்றும்போது வீடு முழுக்கக் கீச்சிடும். வினிபிரட் குசினிக் கதவை அடித்துச் சாத்துவாள்.

ஏற்றி முடிந்ததும் கொம்பியூட்டர் ரேடியோவை அலைவரிசைக்கு அலைவரிசை தாவ வைக்கும். எங்காவது குரல் கேட்டால் அங்கே நிறுத்தும். ரீவித் திரையில் அதன் எண் விழும். குரல் ஓய்ந்தால் மறுபடி தாவும். அவ்வளவுதான் அதன் வித்தை. அது திருகுகிற கை மட்டும். கேட்கிற காது எட்வேர்டினது. அந்தக் காதுக்குள் இருந்த சிங்களமும் எட்வேர்டினதுதான், அதுவும் கொழும்புக் கந்தோரில் வேலை ஓட்டுவதற்காகப் பொறுக்கிய சிங்களம்.

இதை முதலில் கண்டவன் கனிசியஸ். சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கிறவன். குருநகரில் மூன்று வள்ளம் வைத்திருந்த மரியரட்ணம் சம்மாட்டியின் மச்சான். திரையில் எண்கள் ஓடுகின்றன, ரேடியோவில் சிங்களம் கேட்கிறது, எட்வேர்ட் உடனே தமிழில் சொல்கிறார். மூன்றையும் கனிசியஸ் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டான். கொம்பியூட்டர் சிங்களத்தை வாங்கித் தமிழாகத் தருகிறது என்று கரையெல்லாம் போய்ச் சொன்னான். அவன் சொன்னது எட்வேர்டின் காதுக்கும் வந்தது. அதையும் அவர் திருத்தவில்லை.

அப்போது கடற்படை கடலில் தொழிலுக்குத் தடை போட்டிருந்தது. தொழிலுக்கு இறங்காவிட்டால் அடுப்பு எரியாது, இறங்கினால் ரோந்துப் படகு வரும். ஒரு பின்னேரம் மரியரட்ணமே பெரிய பாரைமீன் ஒன்றோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு இறங்கலாமா என்று கொம்பியூட்டரைக் கேட்டுச் சொல்லும்படி வேண்டினார். அன்றைக்காவது எட்வேர்ட் சொல்லியிருக்கலாம்: எனக்குக் கேட்டது இவ்வளவு, விளங்கியது இவ்வளவு, பிழையும் இருக்கலாம் என்று. சொல்ல வாய் வரவில்லை. ‘நான் நினைக்கிறன்’ என்று சொன்னால் பொறுப்பு தன் தலையில் வரும். கொம்பியூட்டரைச் சாட்டினால் மரியாதை மட்டும் வரும்.

“ரோந்து இண்டைக்கு அந்தப் பக்கம் இல்லையெண்டு கொம்பியூட்டர் சொல்லுது,” என்றார்.

அதுவே வழக்கமாயிற்று. பொழுதுபடக் கனிசியஸ் வருவான், எட்வேர்டிடம் சொல் வாங்குவான், சைக்கிளை மிதித்துக்கொண்டு கரைக்குப் போவான். அவன் சொல்வதைக் கேட்டு வள்ளங்கள் இறங்கும், அல்லது இறங்காது. மாதக்கணக்கில் ஒருமுறையும் தவறவில்லை. ஐசாக் வீட்டில் மீனுக்குக் குறைவே இருக்கவில்லை. வினிபிரட் மட்டும் இடைக்கிடை, ஏன் உங்கள் பெயரைச் சொல்லாமல் மெசினின் பெயரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பாள். அது வெறும் பேச்சு வழக்குத்தானே என்று எட்வேர்ட் சமாளிப்பார்.

நத்தார்ப் பண்டிகை நெருங்கிய ஒரு மாலை. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கக் காசில்லாத கரை முழுவதும் அன்றைக்கு எப்படியும் இறங்கவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தது. கனிசியஸ் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். கொம்பியூட்டர் தாவித் தாவிப் போய் ஓரிடத்தில் நின்றது. இரைச்சலுக்குள் ஒரு குரல், “ஹெட்ட எனவா” என்றது. நாளைக்கு வருகிறது. எட்வேர்டுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ரோந்து நாளைக்குத்தான் என்று கொம்பியூட்டர் சொல்கிறது, இன்றைக்குப் பயமில்லாமல் இறங்கச் சொல் என்று கனிசியஸை அனுப்பினார்.

இறங்கினார்கள். ரோந்து நேரே அவர்களுக்கு மேலே வந்தது. வெளிச்சம் விழுந்ததும் மரியரட்ணத்தின் மூன்று வள்ளங்களும் விளக்கை அணைத்துவிட்டுத் திசைக்கொன்றாக ஓடின. இரண்டு கரைக்கு வந்து சேர்ந்தன. மூன்றாவது, இருட்டில் வழி பிசகி, தண்ணீருக்கடியில் கிடந்த கற்பாரில் ஏறிக் கவிழ்ந்தது. அதிலிருந்த இருவர் நீந்தி வந்தார்கள். மரியரட்ணத்தின் தம்பி சிமியோன் வரவில்லை. மறுநாள் அவனுடைய உடல் பாசையூர்ப் பக்கம் ஒதுங்கியது.

செத்தவீட்டுக்கு எட்வேர்ட் பயந்து பயந்துதான் போனார். ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. சிமியோனின் மனைவி பெர்னடெட் அழுகைக்கு நடுவிலும் அவரைத் தேற்றினாள். உங்களிலும் பிழையில்லை, மெசினிலும் பிழையில்லை, யாரோ பாவி காட்டிக் கொடுத்துவிட்டான் என்றாள். அதைக் கேட்டு எட்வேர்டின் மனம் இலேசாயிற்று. கைம்பெண்ணின் வாயிலிருந்து தனக்கு ஆறுதல் எடுத்துக்கொள்வது எவ்வளவு கேவலம்! ஆனால் எடுத்துக்கொண்டார்.

சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வந்தவர், கைக்கு வேறு வேலை தெரியாமல் மெசினைப் போட்டார். கொம்பியூட்டர் தாவியது, நின்றது. அதே குரல். “ஹெட்ட தெக்க அத ஆவா.” நாளைக்கு இரண்டு இன்றைக்கு வந்தது. இதென்ன விசர்க்கதை என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சிங்களத்தில் நாளைக்கும் ஹெட்ட, அறுபதும் ஹெட்ட. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று. அவர்கள் வாயில் ஒன்றல்ல. அறுபதைச் சொல்லும்போது வாயை அகட்டி, ஆடு கத்துகிற சாயலில் சொல்வார்கள். நம்மிடம் அந்த ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை, ஆகவே அதைக் கேட்கிற காதும் இல்லை. கொழும்பில் எட்வேர்ட் தொலைபேசி இலக்கங்களை வாசிக்கும்போது கூட வேலை செய்தவர்கள், ஐசாக்குக்கு ஐம்பத்தொன்பது முடிந்தால் நாளைக்குத்தான் என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தவர்தான்.

அறுபத்திரண்டு இன்றைக்கு வந்தது. இலக்கம் ரோந்துப் படகுகளுடையது. அப்படியானால் அன்றைக்கு அந்தக் குரல் சொன்னது, அறுபது வருகிறது என்று. ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் எட்வேர்ட் அவர்களை இறங்கச் சொல்லி அனுப்பினார். கதிரையில் இருந்தபடியே விம்மி விம்மி அழுதார். வினிபிரட் ஓடிவந்தாள், அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். போய்ச் சொல்ல வேண்டாமா என்று அவள் கேட்டாள். சொன்னால் சிமியோன் எழும்பி வரப்போகிறானா என்றார். தனக்கு வசதியான நியாயம் எல்லோருக்கும் சட்டென்று கிடைத்துவிடும்.

இரண்டொரு நாளில் கனிசியஸ் வந்து, ஆள் பிடிபட்டுவிட்டது என்றான். ஆள் லியோன். சிமியோனின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன். அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். போன மாதம் கொம்பியூட்டரைக் கேளாமல் இறங்கிய வேறொரு வள்ளத்தை ரோந்துக்காரர் பிடித்தபோது, அதில் போயிருந்த மற்றவர்களை வைத்துக்கொண்டு அவனை மட்டும் விட்டிருந்தார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

“கொம்பியூட்டர் வராதெண்டு சொன்ன ரோந்து வந்ததெண்டால், ஆரோ கூப்பிட்டுத்தானே வந்திருக்கவேணும் ஐயா,” என்றான் கனிசியஸ்.

லியோனைக் கடற்றொழிலாளர் மண்டபத்தில் கட்டி வைத்திருக்கிறார்களாம். பின்னேரம் கூட்டமாம். கூட்டம் முடிந்ததும் இயக்கப் பெடியளிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம். காட்டிக் கொடுத்தவன் என்று பெடியளிடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு விளக்குக் கம்பம், அதில் கட்டிய பிணத்தின் கழுத்தில் ‘துரோகி’ என்று எழுதிய ஒரு மட்டை.

போய்ச் சொன்னால் லியோனை அவிழ்த்துவிட்டுத் தன்னைக் கட்டிவிடுவார்களோ என்ற பயம் எட்வேர்டுக்கு ஒருபக்கம். போகாவிட்டால் தான் கொன்ற ஆட்கள் இரண்டு பேராகிவிடும் என்ற நினைப்பு மறுபக்கம். வினிபிரட் மினுக்கிய சட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“நீங்கள் போகாட்டில் நான் போவன்,” என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மூலையில் லியோன், கை பின்னால் கட்டியபடி, உதடு வெடித்து வீங்கியபடி. அவன் மனைவி அற்புதராணி தூணோடு ஒட்டி நின்றாள். அழக்கூடப் பயந்து நின்றாள். இஞ்சினியர் ஐயாவைக் கண்டதும் மரியரட்ணம் எழுந்து கதிரை போடச் சொன்னார். எட்வேர்ட் இருக்கவில்லை.

“லியோன் ஒண்டும் செய்யேல்லை. பிழை என்ரை,” என்றார். “கொம்பியூட்டருக்குச் சிங்களம் தெரியாது. அது ரேடியோவைத் திருகிறது மட்டுந்தான். கேட்டுச் சொன்னது நான். நான் பிழையாய்க் கேட்டிட்டன்.”

மரியரட்ணம் தாழ்ந்த குரலில், என்ன பிழை என்று விளக்கும்படி கேட்டார். எட்வேர்ட் விளக்கினார். நாளைக்கு என்பதற்கு ஹெட்ட என்று சொல்லிக் காட்டினார். அறுபதுக்கு ஹெட்ட என்று சொல்லிக் காட்டினார். இரண்டாவதற்கு வாயை எவ்வளவு அகட்டலாமோ அவ்வளவு அகட்டினார்.

“ரெண்டும் ஒண்டுதானே ஐயா,” என்றார் மரியரட்ணம்.

இல்லை, வேறு வேறு என்று எட்வேர்ட் மறுபடி சொன்னார். உரத்துச் சொன்னார். எச்சில் தெறிக்கச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சொல்லச் சொல்ல இரண்டும் அவருடைய காதுக்கே ஒன்றாகக் கேட்கத் தொடங்கின. அந்த வித்தியாசத்தைக் காட்டத் தெரிந்திருந்தால் அவர் அங்கே வந்து நிற்கத் தேவையே இருந்திராது.

மரியரட்ணம் கிட்ட வந்து அவருடைய தோளைத் தொட்டார். தம்பியைப் பறிகொடுத்த மனுஷரின் கண் கலங்கியிருந்தது.

“உங்கடை மனசு எனக்கு விளங்குது ஐயா. ஒரு உயிர் போகக்கூடாதெண்டு பழியை உங்கடை தலையிலை போடுறியள். இத்தினை மாசத்திலை அந்த மெசின் ஒருநாளாவது பிழைவிட்டதோ? நீங்கள் வந்து கேட்டபடியால் உவனைப் பெடியளிட்டைக் குடுக்கேல்லை. ஆனால் உவன் விடிய இந்த ஊரிலை இருக்கக்கூடாது.”

சனம் ஓமென்றது. பெர்னடெட் வந்து எட்வேர்டின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை அப்படியே வெட்டி எறிந்துவிடலாம் போல அவருக்கு இருந்தது. இல்லை, நான் சொல்வது உண்மை என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் மரியரட்ணம் மனம் மாறி லியோனைக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து வாயை மூடினார். பாவத்தைச் சொல்லப் போன மனுஷர் புண்ணியவானாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

விடிந்ததும் லியோன் படலைக்கு வந்தான். மன்னாருக்குப் போகிற லொறி ஒன்று சந்தியில் நின்றது. அற்புதராணியும் பிள்ளைகளும் பாய் தலையணையோடு அதில் ஏறியிருந்தார்கள். எட்வேர்ட் சாரத்தோடு ஓடிப்போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எனக்காக அத்தினை பேருக்கு முன்னாலை பொய் சொன்னியள். சாகுமட்டும் மறக்கமாட்டன் ஐயா,” என்றான் லியோன்.

“பொய் இல்லை லியோன். ஆண்டவராணை, என்ரை பிழைதான்.”

லியோன் வீங்கிய உதட்டோடு சிரித்தான். பெரிய மனுஷர் தன்னிடம்கூட விட்டுக்கொடுக்காமல் அதையே சொல்கிறாரே என்ற சிரிப்பு அது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“நான் காட்டிக் குடுக்கேல்லை, அது எனக்குத் தெரியும். கொம்பியூட்டரும் பிழைவிடாது. அப்ப வேறை ஒருத்தன்தானே? கட்டிப்போட்டிருக்கேக்கை இதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். அண்டைக்கு வள்ளங்கள் இறங்கப் போகுதெண்டது சனத்துக்கு முதலே தெரிஞ்ச ஆள் ஒராள்தான். உங்களிட்டைச் சொல் வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தவன்.”

கனிசியஸையா சொல்கிறாய் என்று எட்வேர்ட் கேட்டார்.

“ஓம். வரேக்கை மரியரட்ணத்தாரிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் வாறன். மச்சான் எண்டும் பாக்காமல் அவனைப் பிடிக்கச் சொல்லிப்போட்டு அவர் எழும்பி மண்டபத்துப் பக்கம் போறார்.”

சந்தியில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். லியோன் கும்பிட்டுவிட்டுப் போனான். எட்வேர்ட் சட்டையும் இல்லாமல், செருப்பும் இல்லாமல் குருநகரை நோக்கி ஓடத் தொடங்கினார். போய்ச் சொல்வதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு உண்மைதான். அதை அவர்கள் ஏற்கெனவே கேட்டு, கையைக் கண்ணில் ஒற்றி, அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.