பழகின கை

பேரிகை ஊர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணையில் கையுறை போடாமல் பூ வெட்டுகிற ஒரே ஆள் செல்லிதான். வெட்ட ஆரம்பித்துப் பதினேழு வருடம். ஆனால் இந்த ஒரு வருடமாகத்தான் முள் குத்தினால் 'ஸ்' என்றுகூடச் சொல்வதில்லை. சூப்பர்வைசர் புதுப்பெண்களைக் கூட்டிவந்து நிறுத்தி, "கையின்னா இது கை, பழகின கை" என்பார். செல்லிக்குத் தலைகால் புரியாது. பிடரி இறுகிக் கிடந்ததையும், ரவிக்கைக் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெருமைக்கு நடுவில் அதெல்லாம் எங்கே வெளியே வரும்?

எதிர் மேசையில் பூக்கட்டு கட்டுகிற மங்கம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்று எட்டு மாதம். பண்ணையில் கொடுத்த சேலைகளில் நீலத்தை யார் எடுப்பது என்பதுதான் தகராறு. நீலத்தை எடுத்தது செல்லி. இரண்டு பேரும் அறுபதை நோக்கி நடக்கிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதலர் தினத்துக்கான பிப்ரவரிச் சரக்கு போகிற வாரம். வெள்ளை ரோஜாக் கட்டு ஒன்றில் சிவப்பு படிந்திருப்பதைப் பார்த்த மங்கம்மா, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

"ஏமே செல்லி, உன் கையைப் பாரு."

கட்டைவிரலில் முள் ஒன்று முறிந்து நின்றது. ரத்தம் மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. செல்லிக்கு அதுவரை தெரியாது.

"பழகிப்போச்சு," என்றாள்.

"பழகினா வலி தெரியாம இருக்கும். ரத்தம் வழியறதுகூடவா தெரியாது? நேத்து ஒத்தச் செருப்போட பண்ணை கேட்டு வரைக்கும் நடந்து போனே. இன்னொண்ணு வழியில கெடந்துச்சு."

"பேசாதவ எதுக்குப் பாத்தே?"

"பேசலைன்னா பாக்கக்கூடாதா?"

செல்லி குனிந்து, காலில் இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு டாக்டர் சுசித்ரா பொறுமையாகச் சொன்னார்.

"கழுத்தெலும்புகளைச் சேத்துக் கட்டுற நார் ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு அது எலும்பா மாறிடுச்சு. அது தண்டுவடத்தை நசுக்குது. கை மரத்ததும் செருப்பு கழண்டது தெரியாததும் அதனாலதான்."

"எடுத்துடலாமா மேடம்?"

"முன்பக்கமா போய் எடுக்கலாம். ஆனா நாலு எலும்பு நீளத்துக்கு இருக்குது, உள்ளே ஒட்டியிருக்கற மாதிரியும் தெரியுது. பிரிக்கப் போனா ஆபத்து ஜாஸ்தி. பின்பக்கமா போனா, பின்னெலும்புகளைக் கதவு மாதிரி ஒருபக்கமாத் திறந்து, சின்னத் தகடு வெச்சு நிறுத்திடலாம். தண்டுவடம் பின்னால நகந்துக்கும். சிலருக்குப் பின்னெலும்பை எடுத்துட்டுக் கம்பி வெச்சு முடுக்கறதும் உண்டு. உங்க கழுத்து வளைவு நல்லா இருக்கறதால அது வேண்டாம்."

"அப்போ அந்த நசுக்கற எலும்பு உள்ளேயே இருக்குமா?"

"இருக்கும். அதோட சண்டை போடாம இடம் விட்டுக் கொடுத்துடறோம்."

மங்கம்மா செல்லியைப் பார்த்தாள். செல்லி மின்விசிறியைப் பார்த்தாள்.

"செஞ்சா முள்ளு குத்தறது தெரியுமா மேடம்?"

"உறுதி கொடுக்க மாட்டேன்மா. இதுவரைக்கும் போனதுல எவ்வளவு திரும்பி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. செய்யலைன்னா இருக்கறதும் போயிடும்."

கழுத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஊரே சொன்னது. செல்லியின் கணவன் ராமப்பனும் சொன்னான். "படுத்தா நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்துப் போடுண்ணா," என்றாள் மங்கம்மா. போட்டான்.

செல்லி படுக்கவில்லை. மூன்றாம் நாள் வார்டில் சுவரைப் பிடித்து நடந்தாள், மூன்றாம் வாரம் பிடிக்காமல் நடந்தாள். விரல்கள்தான் பிடிவாதமாக இருந்தன. மங்கம்மா ஞாயிறுதோறும் முள் எடுக்காத ரோஜா ஒன்றோடு வீட்டுக்கு வருவாள். கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறவளைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனி ஒவ்வொன்றிலும் முள்ளை வைத்து லேசாக அழுத்துவாள்.

"தெரியுதா?"

"இல்ல."

ஒன்பது ஞாயிறு இதே கதைதான். தெரிகிறது என்று ஒருமுறை பொய் சொல்லலாமா என்றுகூட செல்லி யோசித்தாள். பஸ் ஏறி வருகிறவளுக்கு வேறு என்ன கொடுப்பது? ஆனால் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

பத்தாவது ஞாயிறு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் எல்லாவற்றுக்கும் 'இல்ல'தான். கட்டைவிரலுக்கு வந்தபோது செல்லி வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"ஸ்."

மங்கம்மாவின் கையிலிருந்து ரோஜா விழுந்தது. கட்டைவிரலில் கடுகளவு ரத்தம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் செல்லி நீலச் சேலைதான் கட்டியிருந்தாள். அதன் முந்தானையால் மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் தடுக்கவில்லை.

"வலிக்குதாடி?"

"வலிக்குது," என்று கையை மறுபடி நீட்டினாள் செல்லி. "இன்னொரு தடவ குத்து."