கடலை எண்ணெயில் ஓடிய வண்டி

கையில் சூடம் ஏற்றி, ஊதி அணைத்துச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. படிப்பவர்கள் நம்பமாட்டார்களே என்று சில இடங்களில் நடந்ததைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எழுபத்திரண்டாம் வருஷம். தர்மபுரி கடைவீதியில் கடலை எண்ணெய்க் கடை வைத்திருந்த அப்துல் ஷுக்கூர், சரக்கு விஷயமாகப் பெங்களூர் போனவர், திரும்பும்போது சிவப்பு நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கினார். சாதா வண்டி இல்லை, ஸ்போர்ட்ஸ் மாடல். நீளமான டேங்க், தாழ்ந்த ஹேண்டில்பார், பக்கத்துக்கு ஒன்றாகப் புகைக்குழல். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கும்போதே ஓடுகிற மாதிரி தெரியும். ஊரில் வேறு வண்டி வைத்திருந்தவர்கள் ஒரு வாரம் தங்கள் வண்டிமேல் சாக்குப் போட்டு மூடிவைத்துவிட்டு நடந்து போனார்கள்.

ஷுக்கூருக்கு இருந்தது ஒரே ஆசை. மனைவி அஸ்கரி பேகத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்று வரவேண்டும். அஸ்கரி பேகமோ எருமை பிடிக்க வந்தவர் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது வழியில நின்னுச்சுன்னா என்ன பண்றது? என்னால தள்ள முடியாதுங்க."

"இது நிக்கற சாதி வண்டி இல்ல."

"விக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மைசூர்ல எங்கக்கா சுல்தானா வூடு வரைக்கும் போயிட்டு வாங்க. டீ குடிக்க நிறுத்தறது கணக்குல இல்ல. வண்டியே மக்கர் பண்ணி நிக்காம வந்துச்சுன்னா நான் ஏறுறேன். நின்னுச்சுன்னா எந்தம்பி ஜமீருக்குக் குடுத்துருங்க. அவன் பாவம், இதைப் பாத்ததுலருந்து சோறு எறங்கல."

சோறு இறங்காத ஜமீர் பக்கத்திலேயே நின்று, டேங்க்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். தன் வண்டியைத் துடைக்கிற மாதிரியே துடைத்தான்.

"நின்னுச்சா இல்லையான்னு யாரு வந்து சொல்றது?" என்றார் ஷுக்கூர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"மாதையண்ணன் பின்னாடி ஏறிக்கட்டும். அவரு பொய் சொல்லமாட்டாரு."

மாதையன் நல்லம்பள்ளிக்காரர். கடைக்குக் கடலைக்காய் போடுகிற விவசாயி. அவர் வாயில் பொய் வராது என்பது சந்தைக்கே தெரியும். மூட்டையில் மண் கலந்திருந்தால், "இதுல மண்ணு கலந்திருக்குதுங்க" என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்த மூட்டையையே எடை போடுவார்.

ஆக, ஒரு சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சுல்தானாவுக்கென்று சொந்தக் கடலை எண்ணெய் ஒரு தகரம் நிறைய ஹேண்டில்பாரில் தொங்கியது.

வண்டி எப்படி என்று ஷுக்கூரைப் பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். வேகத்தைப் பற்றி அவர் அதிகம் சொல்லமாட்டார், தற்பெருமையாகிவிடும் என்று. காவேரிப்பட்டணத்தில் மாதையன் பின்னாலிருந்து, "பாய், கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார். அந்தப் பேச்சு ஷுக்கூரின் காதுக்கு ஓசூரில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே சூளகிரிப் பக்கம் மாதையனின் தோள்துண்டு காற்றில் போய்விட்டது. மறுநாள் திரும்பி வரும்போது அது அதே இடத்தில் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாதையன் கையை நீட்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஹாரன் நல்ல ஹாரன். அடித்தால் எதிரே வரும் மாட்டு வண்டி ஒதுங்காது, மாடு மட்டும் தனியாகக் கழன்று ஒதுங்கும். பின் சீட்டு எப்படி என்று மாதையனைக் கேட்டபோது, "உக்காந்த எடமே தெரியலீங்க" என்றார். அவ்வளவு சொகுசு என்று ஷுக்கூர் எடுத்துக்கொண்டார்.

மைசூரில் தெரு முழுக்க வண்டியைப் பார்க்க வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டார்ட் செய்து காட்டியதில், எண்ணெய்த் தகரத்தைச் சுல்தானாவிடம் கொடுக்க ஷுக்கூர் மறந்தே போனார். ஓசூர் திரும்பி வந்து பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் அது இன்னும் தொங்குவது கண்ணில் பட்டது.

இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயும் கலந்து ஊற்றவேண்டும். பங்க்கில் இருந்த ஆள் எண்ணெய்க் குவளையோடு வந்தார். ஷுக்கூர் அதில் விரலைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்த்தார். கடையில் எந்த எண்ணெய் வந்தாலும் அவர் கை தானாகச் செய்கிற வேலை அது.

"இது எந்தச் செக்கு?"

"செக்கு இல்ல சார். மெஷின் ஆயில்."

"வாடையே சரியில்லயே. எண்ணெய்க் கடைக்காரன் வண்டியில ஊரான் எண்ணெயா?" என்று சொல்லித் தகரத்தின் மூடியைத் திறந்தார்.

"பேடா சார், பேடா" என்றார் பங்க்காரர். பதற்றத்தில் அவருக்கு 'வேண்டாம்' என்பது கன்னடத்தில்தான் முன்னால் வந்தது.

"பாய், அது தாளிக்கறதுக்கு" என்றார் மாதையன்.

"வவுத்துக்கே ஒத்துக்கற எண்ணெ வண்டிக்கு ஒத்துக்காதா?"

ஒத்துக்கொண்டது. வண்டி முன்னைவிட அடக்கமாக, அடுப்பில் சட்டி வைத்த மாதிரி ஒரு சத்தத்தோடு ஓடியது. ஆனால் புகைக்குழல் இரண்டிலிருந்தும் வடை சுடுகிற வாசனை கிளம்பியது. சூடான, மொறுமொறுப்பான, உளுந்து வடை வாசனை. கிருஷ்ணகிரியில் டீக்கடைக்காரர் ஒருவர் தன் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே சைக்கிளை எடுத்தார். காவேரிப்பட்டணத்தில் சேலம் போகிற பஸ் ஒன்று இவர்களுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் டிரைவர் முந்துவதாக இல்லை.

"பாய், பின்னாடி பஸ்ல ஒரு கல்யாணக் கூட்டமே வருதுங்க, மாப்பிள்ளையோட."

"வண்டியைப் பாக்க வராங்க. புது வண்டியில்ல?"

"ஆளுக்கொரு எலை வச்சிருக்காங்களே."

காரிமங்கலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

ஷுக்கூர் உதைத்தார், கெஞ்சினார், தட்டிக்கொடுத்தார். கண்ணை மூடினால் ஜமீர் கைக்குட்டையோடு நின்றான்.

"மாதையா, வூட்ல கேட்டா என்ன சொல்லுவ?"

"நின்னுச்சுன்னுதான் பாய் சொல்லணும்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாமே."

"யோசிச்சுப் பாத்தேங்க. யோசிச்சாலும் நின்னதுதான் வருது."

அதற்குள் கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. "வடை எங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"வடை தர்மபுரியில" என்றார் ஷுக்கூர். வேறென்ன சொல்வார்?

அவ்வளவுதான். மாப்பிள்ளை உட்பட மொத்தக் கூட்டமும் வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. பசி பொல்லாதது. இஞ்சினில் வந்ததைவிட அந்தக் கடைசித் தூரத்தைத்தான் வண்டி சீக்கிரம் கடந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜமீர் தலைக்கு எண்ணெய் தடவி, படிய வாரி, சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தான்.

அஸ்கரி பேகம் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கணவரைப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணா."

"நின்னுச்சுங்க பாயம்மா. காரிமங்கலம் தாண்டி, புளியமரத்துக்கிட்ட" என்றார் மாதையன்.

ஷுக்கூர் சாவியைக் கழற்றினார். ஒருமுறை டேங்க்கைத் தடவிவிட்டு மச்சானிடம் நீட்டினார். வாங்கியதும் ஜமீர் நேராகச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அஸ்கரி பேகம் மூக்கைச் சுளித்தார். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து புகைக்குழலை மோந்தார்.

"இது நம்ம எண்ணெ தானே?"

"ஆமாங்க" என்றார் மாதையன். "ஓசூர்லருந்து இதுலதான் ஓடுச்சு. மெஷின் ஆயில் ஒரு சொட்டு ஊத்தல."

"எறங்கு ஜமீரு" என்றார் அஸ்கரி பேகம்.

"ஏங்கக்கா? நின்னுச்சுன்னு சொன்னாரில்ல?"

"நின்னுச்சு. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுத்துக்க. ஆனா இந்த வண்டி எண்ணெ குடிக்குது. நாளைக்கு எண்ணெய்க்கு எங்க போவ?"

"இங்கதான் வருவேன். மச்சான் கடை இருக்குதில்ல?"

"தெனமும் வருவ. கூடப்பொறந்த தம்பின்னு சும்மா ஊத்திவிடணும். இவரும் வாயத் தொறக்கமாட்டாரு. ஒரு வருஷத்துல கடையவே வண்டி குடிச்சிரும். எறங்கு சாமி. சாவிய அவருகிட்டக் குடு."

ஜமீர் இறங்கினான். கைக்குட்டையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வந்த கூட்டத்தைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? தகரத்தில் மிச்சமிருந்த எண்ணெயில் அஸ்கரி பேகம் வடை சுட்டுப் போட்டார். கல்யாணக் கூட்டம் அங்கேயே முதல் பந்தியை முடித்துக்கொண்டது. மறுநாள் மெக்கானிக் ஒருவர் வந்து இஞ்சினைக் கழற்றிக் கழுவினார். ஷுக்கூர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெஷின் ஆயில் ஊற்றினார்.

சாயங்காலம் அஸ்கரி பேகம் புர்க்காவை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கடைவீதியை ஒரு சுற்று வந்தது. பிறகு, கேட்காமலே, இன்னொரு சுற்றும் வந்தது.

"பின்னாடி சீட்டு எப்படி?" என்று ஷுக்கூர் திரும்பாமல் கேட்டார்.

"உங்களவிட மெத்துன்னு இருக்கு" என்றார் அஸ்கரி பேகம்.

அது பந்தய மாடல் வண்டி. அதில் பின் சீட்டே கிடையாது.